உப்பில்லாத காளான் குழம்பு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது காளானைப் பற்றித்தான். என்ன நிறம், குடை விரிந்திருந்ததா, மொட்டாக இருந்ததா, எந்த மரத்தடியில் முளைத்தது. கேட்டுவிட்டு, போன வருசம் அவர்கள் வீட்டில் காளான் செய்த கதையை ஆரம்பித்துவிடுவார்கள். காளானைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னையும் என் சம்பந்தியையும் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை கொண்டுபோனது காளான் மட்டும் இல்லை. நாங்கள் இருவரும் மரியாதை தெரிந்த மனிதர்கள். அதுவும் ஒரு காரணம்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எனக்கு ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. அளவு ஒரு மயிரிழை தப்பினாலும் தூக்கி ஓரமாகப் போடுகிறவன் என்று எனக்குப் பெயர். என் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் வைத்திருப்பார்கள், அது வேறு விசயம். அப்படிப்பட்டவன்தான் சம்பந்தி வீட்டு இலையில் கண்ணெதிரே தப்பாகத் தெரிந்ததைத் தின்றுவிட்டு, "அருமைங்க" என்று சொன்னேன்.

என் மகள் கௌசல்யாவுக்கு அது தலை தீபாவளி. விருந்தெல்லாம் முடிந்து அவளும் மாப்பிள்ளை பிரபுவும் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த வாரமே பிரபுவின் அப்பா நாச்சிமுத்து போன் செய்தார். அவிநாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருக்குத் தோட்டம்.

"இடியும் மழையுமா பெஞ்சிருக்குதுங்க சம்பந்தி. காளான் மொளச்சிருக்கும். ரெண்டு பேரும் வந்து ஒரு வாய் சாப்ட்டுப்போட்டுப் போங்க" என்றார்.

போனோம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் தொடங்கியிருந்த சமயம். என் மனைவி சரசுவும் சம்பந்தியம்மா ராமாத்தாளும் விரதம். காளானைக் கவுச்சியோடு சேர்த்து வைத்திருக்கிற வீடு அது. விரதம் முடியும்வரை காளான் சட்டி அடுப்படிக்குள் வரக்கூடாது என்று ராமாத்தாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நாச்சிமுத்துவே மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வைத்தார். விரதம் இருக்கிற பெண்கள் ருசி பார்க்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தது நாங்கள் இரண்டு ஆண்கள் மட்டும்.

சமைப்பதற்கு முன்னால் காளான்களை முறத்தில் பரப்பி என்னிடம் காட்டினார். வெள்ளை வெளேரென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கம் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிற புற்றுக்காளானைப் பிடுங்கினால், தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் போகும். இவற்றில் அப்படி நீளவில்லை. தண்டின் அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டின் நடுவில் பாவாடை கட்டியதுபோல ஒரு வளையம். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் தொடாதே என்று செல்போனில் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது.

"இது புத்துக்காளானுங்களா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"அதே சாதிதானுங்க. புத்துல இல்ல, வேலியோரம் சவுக்கு மரத்தடியில மொளச்சிருந்துச்சு. பயப்படாதீங்க, மஞ்சளும் பூண்டும் போட்டு ஒருக்கா கொதிக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் செய்வேன். வெசமா இருந்தா பூண்டு கறுத்துப்போகுமுங்க."

பூண்டு கறுக்கவில்லை. அவர் கரண்டியில் எடுத்துக் காட்டினார். நான் தலையாட்டினேன். அந்தப் பையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. பெண்ணைக் கொடுத்த வீடு. கல்யாணம் முடிந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. எனக்காக மழைச் சேற்றில் நடந்து பறித்துவந்து, புகையில் கண் சிவக்க நின்று சமைக்கிற மனிதரிடம் இது விசமாக இருக்குமோ என்று எப்படிக் கேட்பது? என் பட்டறையில் ஒரு பையன் அப்படி வாயை மூடிக்கொண்டு தப்பான பீஸை அனுப்பியிருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்திருப்பேன்.

குழம்பில் உப்பே இல்லை. ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். "அருமைங்க" என்றேன். இரண்டாவது கரண்டிக்கு இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, வயிறு நிறைந்துவிட்டது என்றேன். நான் விட்டதையும் சேர்த்து அவரே சாப்பிட்டார். நான் குறைவாகச் சாப்பிட்டதுதான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

அன்று பொழுது முழுக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, டீ குடித்து, சீரியல்கூடப் பார்த்தேன். விடியற்காலையில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாந்தி, பிறகு தண்ணீர் தண்ணீராகப் பேதி. பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் திரும்ப ஓட வேண்டியிருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சரசு ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"நேத்து என்னங்க சாப்ட்டீங்க? வெளிய எங்காச்சும்?" என்று கேட்டார் டூட்டி டாக்டர். சின்னப் பெண், எங்கள் பக்கத்துப் பேச்சுதான்.

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்களுக்குள் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் இப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், அது எப்படியும் ஊருக்குப் போகும். ஊரிலிருந்து அவர் காதுக்குப் போகும். அந்த வீட்டில்தான் நம் பெண் வாழவேண்டும்.

"ரோட்டுக் கடையில புரோட்டாங்க" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் பேதி நின்றது. அன்று மாலை நாச்சிமுத்து போன் செய்தார். அவருடைய குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. பின்னால் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம்.

"நல்லா இருக்கீங்ளா சம்பந்தி?"

"நல்லா இருக்கறமுங்க. நீங்க?"

"நமக்கென்னங்க. நல்லா இருக்கறம்."

கையில் டிரிப் ஊசியோடு நான் அதைச் சொன்னேன். அவிநாசியில் ஒரு கிளினிக் பெஞ்சில், அதே மாதிரி டிரிப்போடு படுத்துக்கொண்டு அவரும் அதைச் சொன்னார். அவர் டாக்டரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "ஊட்டுச் சாப்பாடுதானுங்க, வேற ஒண்ணும் சாப்பிடல." விருந்தாளிக்கு வைத்த குழம்பைப் பழி சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. நான் நன்றாக இருப்பதாகச் சொன்னதும், காளானில் தப்பில்லை, தன் வயிறுதான் சரியில்லை என்று நம்பிவிட்டார். அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னதும் நானும் அதையேதான் நினைத்தேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் எனக்கு நல்ல பசி. இரண்டு இட்லி சாப்பிட்டேன். டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டேன். இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். காளான் விசத்தில் ஒரு வகை இப்படித்தான் ஏமாற்றும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும். அரை நாள் சும்மா இருந்துவிட்டு அதற்குப் பிறகு வந்தால்தான் பயப்பட வேண்டும். அதிலும் வாந்தி பேதி நின்று, ஆள் தெளிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போகிற அந்த ஒரு நாளில், விசம் உள்ளே கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும். மஞ்சள், பூண்டு, வெள்ளிக் காசு, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது, இதில் ஒன்றுகூட அந்த விசத்தைக் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது.

அடுத்த நாள் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் கண் மஞ்சளாகத் தெரிந்தது. திரும்ப அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் பெண். ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் செல்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கிற என்சைம்கள் ரத்தத்தில் கொட்டுமாம். அதை அளந்தால் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரியும். எனக்கு அந்த அளவு எங்கேயோ ஏறிப்போயிருந்தது. இன்னொரு டெஸ்ட், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கைக் கல்லீரல்தான் செய்கிறது, அது படுத்துவிட்டால் ரத்தம் உறையாது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புரோட்டாவுல இப்படி ஆகாதுங்க. நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்ட்டீங்களா? மாத்திரை? காளான்?"

நான் பேசாமல் இருந்தேன். அப்போதும் பேசாமல் இருந்தேன். சரசுதான் வெடித்தாள்.

"காளானுங்க டாக்டர். எங்க சம்பந்தி ஊட்டுல. இவரும் அவரும் சாப்ட்டாங்க. நாந்தானுங்க சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. "அவரு இப்ப எங்க இருக்காரு? ஒடனே கூப்புடுங்க" என்றார்.

சரசு ஸ்பீக்கரில் போட்டாள். ராமாத்தாள் எடுத்தார். சம்பந்தி எப்படி இருக்கிறார் என்று சரசு கேட்டதும், "நல்லா இருக்காருங்க அம்மணி, தோட்டத்துல தண்ணி கட்டிக்கிட்டு இருக்காரு" என்று பதில் வந்தது.

"அக்கா, இவரு ஆஸ்பத்திரியில இருக்காருங்க. கண்ணு மஞ்சளாயிருச்சு. காளான்தான்னு டாக்டர் சொல்றாங்க. நெசத்தைச் சொல்லுங்க, அண்ணன் எப்படி இருக்காரு?"

அந்தப் பக்கம் ராமாத்தாள் அழுகிற சத்தம் கேட்டது. "அவுருக்கும் மஞ்சளாத்தானுங்க இருக்குது. எந்திரிக்கவே முடியல. நேத்துலேருந்து கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாருங்க."

அன்று மாலையே அவரை ஆம்புலன்ஸில் கோயமுத்தூர் கொண்டுவந்தார்கள். எங்கள் இருவரையும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். எனக்கு வார்டு, அவருக்கு ஐசியு. மாற்று மருந்து என்று தனியாக ஒன்று கிடையாதாம், கல்லீரலுக்குக் கை கொடுக்கிற மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். அழுகின முட்டை நாற்றம் அதில். அதை ஏற்றுகிற நேரமெல்லாம் எனக்கு அந்தக் காளானின் அடியில் இருந்த முட்டை ஓட்டுப் பைதான் ஞாபகம் வந்தது. தினமும் டாக்டர் வந்து இரண்டு கையையும் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி நீட்டச் சொல்வார். கல்லீரல் சுத்தம் செய்யாத கழிவு மூளைக்கு ஏறினால், நீட்டின கை படபடவென்று அடித்துக்கொள்ளும். என் கை அடிக்கவில்லை. சம்பந்தியின் கை அடிக்கிறது என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

பிரபுவும் கௌசல்யாவும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். பிரபு யாரிடமும் கேட்காமல், தன் கல்லீரலில் ஒரு பகுதியை அப்பாவுக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டெஸ்ட்டுக்குப் போய்விட்டான். வெளியே வராந்தாவில் சரசுவும் ராமாத்தாளும் ஒரே போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். விரதம் முடிக்கிற நாளில் முருகன் கோயிலுக்குப் போக இருந்த இரண்டு பேரும், கேன்டீன் தயிர்சாதத்தை ஒரே டப்பாவிலிருந்து பகிர்ந்து சாப்பிட்டு விரதத்தை முடித்தார்கள். அவர்களுக்குள் ஒரு கடுஞ்சொல் வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாச்சிமுத்து ஐசியுவில் படுத்துக்கொண்டே பிரபுவைக் கூப்பிட்டு, "மாமனோட பில்லை மொதல்ல கட்டீரு. நம்ம ஊட்டுல சாப்ட்டுத்தான இப்படி" என்று சொல்லியிருக்கிறார். பிரபு வந்து பில் கவுன்டரில் நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

எனக்கு ரிப்போர்ட் இறங்க ஆரம்பித்தது. அவரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கௌசல்யா தள்ளிக்கொண்டு போனாள். அவருக்கு மூக்கில் டியூப், முகமெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது என்றார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். சம்பந்தி வந்தால் எழுந்து நிற்க வேண்டுமே, அதற்காக.

"படுங்க, படுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "கொளம்புல உப்பே இல்லீங்களே சம்பந்தி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் மொத வாயிலயே கண்டுபுடிச்சுட்டேனுங்க. நீங்க ஒண்ணுஞ் சொல்லல. சரி, உங்களுக்கு அப்படித்தான் புடிக்குமாட்ட இருக்குதுன்னு நானும் கம்முனு சாப்ட்டுட்டேன். சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

சொல்லியிருக்கலாம். உப்பை மட்டுமா? தண்டின் அடியில் இருந்த பையைப் பார்த்தேன், பயந்தேன், உங்கள் மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டேன் என்று அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் கைக்குள் படபடத்தது.

"இல்லீங்க, நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். "இப்பவுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் பேசியது அதோடு சரி.

பிரபுவின் டெஸ்ட்டெல்லாம் பொருந்தி வந்தது. ஆபரேசனுக்கு நாள் குறிக்கிற நேரத்தில் நாச்சிமுத்துவுக்குக் கிருமித் தொற்று ஏறி, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது என்றார்கள். அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். நான் அதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி கீழே, அழுகின முட்டை நாற்றத்தில் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து யோசித்தார். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சிருந்தா வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார். பூசி மெழுகாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். பிரபு இன்றைக்கு வரை அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. அவனும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதானே. ஒரு நாள் அவன் கேட்காமலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பையையும் சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்ட்டீங்களா மாமா?" என்றான். அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை.

சில மாதம் கழித்து, நடக்கத் தெம்பு வந்ததும் நானும் சரசுவும் ராமாத்தாளைப் பார்க்கப் போனோம். வேலியோரச் சவுக்கு மரங்களை யாரும் வெட்டவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் ராமாத்தாள் இலை போட்டார். சோறு, பருப்பு, ரசம். ரசத்தை ஒரு வாய் வைத்தேன். உப்புச் சுத்தமாகப் பத்தவில்லை.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"ரசத்துல உப்பு இல்லீங்க சம்பந்தியம்மா" என்றேன்.

சரசு அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். ராமாத்தாள் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு டப்பாவோடு வந்து என் இலையோரம் வைத்தார். அதில் இருந்தது சர்க்கரை.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அவரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு மங்கலாத்தானுங்க தெரியுது. அவுரு போனதுலேருந்தே. பசங்களுக்குச் சொல்லல, அங்கிருந்து பாவம் ஓடி வருவாங்க. உங்களுக்கும் சங்கடம்னு சொல்லாம இருந்துட்டனுங்க."

சரசு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் உப்பில்லாத ரசத்தோடு சோற்றை முடித்துவிட்டு, கை கழுவினதும் காரை எடுத்தேன். ராமாத்தாளைப் பின்சீட்டில் ஏற்றி, கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் அவர் இரண்டு மூன்று தடவை, "நல்லாத்தானுங்க இருக்கறேன், திருப்பீருங்க" என்றார். நான் வண்டியைத் திருப்பவில்லை.